பெற்றோரைக் கதைக்கு வெளியே நிறுத்தும் இடம்: அமெரிக்கக் கோடை முகாம் கதைகள் எப்படி இயங்குகின்றன

அமெரிக்கச் சிறார் நாவல்களிலும் ஓடிடி தொடர்களிலும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பதினோரு வயதுப் பிள்ளை, உடைகளிலெல்லாம் பெயர் தைத்த ஒரு பெரிய பை, வாசலில் ஒரு பேருந்து. பெற்றோர் கையசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார்கள். அடுத்த நான்கு வாரமோ ஏழு வாரமோ போனில்கூடப் பேச்சு இல்லை. இந்தப் பிள்ளை அப்படி என்ன தப்புச் செய்தது என்றுதான் தமிழ் வாசகருக்கு முதலில் தோன்றும். நம் ஊரில் சம்மர் கேம்ப் என்றால் காலை பத்து மணிக்கு நீச்சலோ கீபோர்டோ, மதியச் சாப்பாட்டுக்கு வீடு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், கதையில் வரும் அழுகையும் சண்டையும் கடைசி நாள் கட்டிப்பிடிப்பும் மிகையாகத்தான் தெரியும்.

பல கதைகள் மிகைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றில் நட்பு உண்டாவதற்கு ஒரு பொறிமுறை இருக்கிறது. பிள்ளைகளின் நல்ல மனசு அதில் இரண்டாம்பட்சம். படுக்கை ஒதுக்கீடு, நீச்சல் விதி, தபால் தாமதம், இரவுக் காவல் முறை ஆகியவை முதலில் வேலை செய்கின்றன. உணர்ச்சி அவற்றின் பின்னால் வருகிறது. அந்தப் பொறிமுறை தெரிந்தால் ஒரு முகாம் கதை எங்கே உண்மையாக இருக்கிறது, எங்கே எழுத்தாளர் சோம்பலில் கடந்துபோயிருக்கிறார் என்று பிரித்துப் பார்க்க முடியும்.

## முகாம் என்றால் எது?

இரண்டு வகை உண்டு. பகல் முகாமுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். நம்முடையது இந்த வகை. கதைகளில் வருவது தங்கும் முகாம். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக், கேட்ஸ்கில் மலைகள், விஸ்கான்சின், மினசோட்டா போன்ற ஏரிப் பகுதிகளில், நகரத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில், காட்டுக்குள் இருக்கும். ஏழெட்டு வயது முதல் பதினைந்து பதினாறு வரை சேர்த்துக்கொள்வார்கள். சாரணர் முகாமும் தேவாலய முகாமும் பெரும்பாலும் ஒரு வாரத்தோடு முடியும், செலவும் குறைவு. தனியார் முகாம்கள் இரண்டு வாரம், நான்கு வாரம் என்று நடத்துகின்றன. வடகிழக்கு மாநிலங்களில் முழுக்கோடைக்கும், அதாவது ஏழெட்டு வாரத்துக்கும், நடக்கும் முகாம்கள் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே ஒரு கதையில் முகாம் எத்தனை வாரம் என்று தெரிந்தாலே அந்தக் குடும்பத்தின் வருமானம் ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

அங்கே பள்ளிக் கோடை விடுமுறை சுமார் பத்து வாரம். வயல் வேலைக்குப் பிள்ளைகள் வேண்டும் என்பதற்காக அந்த விடுமுறை வந்தது என்று பலரும் எழுதுவார்கள். அது சரியில்லை. விதைப்பு வசந்தத்தில், அறுவடை இலையுதிர்காலத்தில். நடுக்கோடையில் பண்ணைக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. நகரத்து வெக்கையும், வசதியான குடும்பங்கள் கோடையில் ஊரைக் காலி செய்துகொண்டு போன பழக்கமும்தான் முக்கியக் காரணங்கள். நம் கோடை விடுமுறையை நாம் பாட்டி வீட்டையும் பெரியப்பா வீட்டையும் வைத்து நிரப்பினோம். அமெரிக்க நடுத்தர வர்க்கம் அதற்கு ஒரு நிறுவனத்தைக் கட்டியது.

## வீட்டிலிருந்து பிரிப்பதே நோக்கம்

தொடக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1861-இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய கோடையில், கனெக்டிகட்டில் ஒரு பள்ளி நடத்திய ஃபிரெடரிக் கன் தன் மாணவர்களைச் சுமார் 40 மைல் நடத்திக் கூட்டிப்போய்க் கடற்கரையில் இரண்டு வாரம் கூடாரமடித்துத் தங்கவைத்தார். போர்வீரர்களைப்போல வாழ வேண்டும் என்று பையன்களுக்கு ஆசை. 1881-இல் எர்னஸ்ட் பால்ச் என்ற இளைஞர் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்க்வாம் ஏரித் தீவு ஒன்றில் சக்கோருவா முகாமை ஆரம்பித்தார். கோடை முழுக்க ஓட்டல் வராந்தாவில் சும்மா கிடக்கும் பணக்காரப் பையன்கள்தான் அவர் குறி. வேலைக்காரர் கிடையாது, சமையல், பாத்திரம், கணக்கு எல்லாம் பையன்களே. அது 1889-இல் மூடப்பட்டது. 1885-இல் சம்னர் டட்லி ஏழு பையன்களோடு தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. முகாம் இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்கான பெரிய இயக்கம் கொஞ்சம் தாமதம்: கேம்ப் ஃபயர் கேர்ல்ஸ் என்ற சிறுமியர் அமைப்பு 1910-இல் வந்தது, அதே ஆண்டில்தான் அமெரிக்கச் சாரணர் இயக்கமும்.

இதில் கதைக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வீட்டுச் செல்லத்திலிருந்து பிள்ளையைப் பிரிப்பது முகாமின் பக்கவிளைவாக வந்ததில்லை, அதுவே நோக்கம். சிறார் கதை எழுதுவோர் எல்லோருக்கும் உள்ள தலைவலி, பெற்றோரை என்ன செய்வது என்பது. அருகில் இருந்தால் அவர்களே பிரச்சினையைத் தீர்த்துவிடுவார்கள். அதனால்தான் பழைய கதைகளில் இத்தனை அநாதைகள். முகாம் கதையில் யாரையும் சாகடிக்க வேண்டியதில்லை. பெற்றோர் நலமாக, அன்பாக, 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்கள்.

## கதையை ஓட்டும் பாகங்கள்

1. முதல் நாள் சோதனைகள். பேருந்திலிருந்து இறங்கியதும் பல முகாம்களில் நர்ஸ் தலையில் பேன் பார்ப்பார். மாத்திரை மருந்துகளை மருத்துவ அறையில் ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலான தங்கும் முகாம்கள் கைப்பேசியை அனுமதிப்பதில்லை. அன்றோ மறுநாளோ நீச்சல் தேர்வு: குறிப்பிட்ட தூரம் நீந்தி, சில நிமிடம் கால் ஊன்றாமல் மிதந்து காட்ட வேண்டும். தேர்வின்படி ஆழம் பிரித்துவிடுவார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நீந்தத் தெரியாவிட்டால் எட்டு வயதுக்காரர்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க வேண்டும். அவமானக் காட்சிக்கு வில்லன் தேவையில்லை, இந்த விதியே போதும்.

2. கேபின். எட்டு முதல் பன்னிரண்டு பேர் தூங்கும் மரக்குடில். இரண்டடுக்குக் கட்டில், கொசுவலை அடித்த ஜன்னல், டார்ச் வெளிச்சம். மேல் கட்டில் யாருக்கு என்பதில் முதல் மோதல் வரும். முன்னமே வந்துபோன பழைய பிள்ளைகள் நல்ல இடத்தைப் பிடித்திருப்பார்கள். சுவரில் ஒரு வட்ட அட்டை சுழலும்: இன்று பெருக்குவது யார், கழிப்பறை யார், சாப்பாட்டு மேசை யார். தினமும் ஆய்வு, மதிப்பெண். ஒருவர் படுக்கையை மடிக்காவிட்டால் மொத்தக் கேபினுக்கும் மதிப்பெண் போகும். பிடிக்காதவரைச் சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இங்கிருந்து பிறக்கிறது. நட்பு அதற்கு அடுத்த படி.

3. கவுன்சிலர். வார்டு கவுன்சிலரை மறந்துவிடுங்கள். இவர் பதினெட்டு முதல் இருபத்தியிரண்டு வயதுக் கல்லூரி மாணவர், பிள்ளைகளோடு அதே கேபினில் தூங்குபவர். அமெரிக்க முகாம் சங்கத்தின் நெறிமுறைப்படி, 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள் இரவு தங்கும் முகாமில் எட்டுப் பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். பதின்மூன்று வயதுக்கு ஆசிரியர் எட்டாத உயரம், பெற்றோர் பழைய காலம். பத்தொன்பது வயதுக்காரர் மட்டும்தான் எட்டிப்பிடிக்கும் எதிர்காலம். அதனாலேயே கதைகளில் கவுன்சிலர் ஏமாற்றும்போது அடி பலமாக விழுகிறது. கவுன்சிலர்களுக்கு இரவு ஓய்வு முறைவைத்து வரும். மற்றவர்கள் ஊருக்குள் போக, ஓரிருவர் மட்டும் வரிசையாக உள்ள கேபின்களுக்கு வெளியே காவல் இருப்பார்கள். கேபினை விட்டு நழுவும் சாகசக் காட்சிகள் எல்லாம் அந்த இரவுகளில்தான் நடக்க முடியும். இன்னொன்று: பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றோடு மற்றவர் கண்ணுக்குப் படாமல் தனியாக இருக்கக்கூடாது என்பது இன்றைய முகாம்களின் பரவலான பாதுகாப்பு விதி. கவுன்சிலர் ஒரு பிள்ளையை மட்டும் நள்ளிரவில் ஏரிக்கரைக்கு அழைத்துப்போய் அறிவுரை சொன்னால், எழுத்தாளர் இந்த விதியை அறியாதவர் என்று பொருள். அல்லது அங்கே ஏதோ தப்பு நடக்கப்போகிறது.

4. ஏரியும் ஜோடியும். தண்ணீரில் யாரும் தனியாக இறங்கக்கூடாது. ஜோடி ஜோடியாக இறங்க வேண்டும், பலகையில் இருவரின் பெயர்ச் சில்லையும் சேர்த்து மாட்ட வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விசில் அடிக்கும். அடித்ததும் ஜோடிகள் கை கோத்து உயர்த்திக் காட்ட, கரையில் எண்ணுவார்கள். மூழ்கிச் சாவதைத் தடுக்க ஏற்பட்ட விதி இது. ஆனால் பன்னிரண்டு வயதுக்கு இது தினசரி வாக்கெடுப்பு. கேபினில் ஒன்பது பேர் என்றால் ஒருவர் மிஞ்சுவார். கவுன்சிலர் அவரை ஏதோ ஒரு ஜோடியோடு மூன்றாவதாகச் சேர்ப்பார். யாருடைய கையை யார் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதை மூன்று இடங்களில் காட்டினால் ஒரு நட்பின் முழு வரைபடமும் கிடைத்துவிடும். வசனமே வேண்டாம். முகாம் கதைகளில் இவ்வளவு வளமான இன்னொரு கருவி இல்லை. இதைப் பயன்படுத்தாமல் விடுபவர்கள் எத்தனை பேர் என்பதுதான் ஆச்சரியம்.

5. ஓய்வு மணியும் கடிதமும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கட்டிலில் கிடக்க வேண்டும். அப்போதுதான் வீட்டுக்குக் கடிதம். வாரம் ஒரு கடிதத்தை நீட்டினால்தான் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு உள்ளே விடும் முகாம்களும் உண்டு. போகவர ஒரு வாரம் ஆகும் தபாலில் வேடிக்கையான கால முரண் இருக்கிறது: திங்கட்கிழமை அழுதுகொண்டு எழுதிய கடிதத்துக்கு அம்மாவின் பதற்றமான பதில், பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும் அடுத்த திங்களில் வந்து சேரும். 1963-இல் ஆலன் ஷெர்மன் பாடிப் புகழ்பெற்ற நகைச்சுவைப் பாட்டு இந்த முரணை ஒரே கடிதத்துக்குள் சுருக்கியது: புகார் மேல் புகார், பிறகு ஆலங்கட்டி மழை விட்டுப் பிள்ளைகள் விளையாடப் போக, கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முடிவு. இப்போது பல முகாம்களில் பெற்றோர் மின்னஞ்சல் அனுப்பலாம், அதை அச்சிட்டுப் பிள்ளையிடம் கொடுப்பார்கள். தினமும் இணையத்தில் ஏறும் முகாம் புகைப்படங்களில் தம் பிள்ளையின் முகத்தைப் பெற்றோர் இரவு முழுக்கத் தேடுவார்கள். பின்வரிசையில் நிற்கும் பிள்ளை, ஒரு வாரமாக எந்தப் படத்திலும் இல்லாத பிள்ளை: இவை புதிய கதைகளுக்கான விதைகள்.

6. பெற்றோர் வரும் நாள். நீண்ட முகாம்களில் நடுவில் ஒரு நாள். மிட்டாய்ப் பெட்டிகளோடு கார்கள் வரும். கேபினில் எல்லோரும் ஒரே டி-ஷர்ட்டில் இருந்ததால் மறைந்திருந்த பணமும் விவாகரத்தும் மாற்றாந்தாயும் அன்று வெளியே தெரிந்துவிடும். யாரும் வராத ஒரு பிள்ளை கட்டாயம் இருக்கும்.

## ராபர்ஸ் கேவ்: முகாமுக்குள் நடந்த பரிசோதனை

முகாம் ஒன்றில் நாம்-அவர்கள் என்ற பிரிவு எப்படி உருவாகிறது என்பதற்கு உண்மைச் சான்று இருக்கிறது. 1954-இல் சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரிஃப், ஒக்லஹோமா மாநிலத்தின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் 22 பையன்களை வைத்து மூன்று வார முகாம் ஒன்றை நடத்தினார். எல்லோருக்கும் ஏறக்குறைய பதினோரு வயது, ஒரே மாதிரி வெள்ளை நடுத்தரக் குடும்பங்கள், ஒருவரையொருவர் முன்பின் தெரியாது. இது பரிசோதனை என்று பையன்களுக்குத் தெரியாது. கவுன்சிலர்களாக இருந்தவர்கள் ஆய்வாளர்கள், ஷெரிஃப் பராமரிப்பு ஆள் வேடத்தில் சுற்றினார். இன்றைய ஆய்வு நெறிகள் இதை அனுமதிக்காது.

அது மூன்று கட்டமாக நடந்தது:

1. பையன்களை இரண்டு குழுக்களாகத் தனித்தனியே கொண்டுவந்து, ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாமல் சில நாள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் தனக்குப் பெயரும் கொடியும் வைத்துக்கொண்டது: ராட்லர்ஸ், ஈகிள்ஸ்.
2. பிறகு போட்டி: பேஸ்பால், கயிறு இழுத்தல், கூடாரம் அடித்தல். வென்றவர்களுக்குப் பேனாக்கத்தி. கொடி எரிப்பு, கேபின் சூறையாடல், திட்டு எல்லாம் வந்தன.
3. கடைசியாகச் சமாதானம். ஒன்றாக உட்கார்த்திச் சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டைத் தூக்கி எறிந்துகொண்டதுதான் மிச்சம். தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோதும், சாப்பாட்டு லாரி கிளம்பாமல் எல்லோரும் கயிறு கட்டி இழுக்க வேண்டிவந்தபோதும் நிலைமை மெல்ல மாறியது.

பெரும்பாலான முகாம் கதைகளின் மூன்று பாகமும் இதுதான். ஆனால் அதிகம் பேசப்படாத பகுதி, அதற்கு முந்தைய ஆண்டின் தோல்வி. 1953-இல் நியூயார்க் மாநிலத்தில் மிடில் குரோவ் என்ற இடத்தில் ஷெரிஃப் இதையே முயன்றார். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டுப் பிறகு பிரித்தார்கள். சண்டை மூளவே இல்லை. தங்களைப் பெரியவர்கள் தூண்டிவிடுகிறார்கள் என்று பையன்கள் சந்தேகப்பட்டார்கள், பரிசோதனை கைவிடப்பட்டது. முதலில் நட்பு, பிறகு பிரிவு என்றால் பகை ஒட்டாது என்று ஒரே தோல்வியை வைத்து விதி எழுத முடியாதுதான். கதை எழுதுபவருக்கு மட்டும் இது பயன்படும் எச்சரிக்கை.

இந்த இடத்தில்தான் வண்ணப்போர் என்ற வழக்கம் சுவாரசியமாகிறது. பல முகாம்களில் கடைசி வாரத்தில் மொத்த முகாமும் இரண்டு நிறங்களாகப் பிரியும்: நீலம், சிவப்பு என்று. மூன்று முதல் ஐந்து நாள் ஓட்டம், படகு, பாட்டு, நாடகம் எல்லாவற்றிலும் புள்ளி. எப்போது தொடங்கும் என்பது ரகசியம். ஷெரிஃபின் குழுக்களில் கேபினும் அணியும் ஒன்றே. வண்ணப்போரில் கோடு கேபினுக்குக் குறுக்கே விழலாம்; மேல் கட்டில் நீலம், கீழ் கட்டில் சிவப்பு. மிடில் குரோவில் நடந்ததுபோல, ஏற்கெனவே நண்பர்களானவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். அதனால் நல்ல கதைகளில் வண்ணப்போர் எதிரியைப் பற்றியதாக இருப்பதில்லை. தோழிக்கு எதிராக எவ்வளவு வேகமாக ஓடுவது என்ற சங்கடத்தைப் பற்றியது. அணித்தலைவராகும் ஆசையில் ஒருவர் தோழியைக் காட்டிக்கொடுத்தார் என்று மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும். காட்டிக்கொடுத்த இரவிலும் இருவரும் ஒரே கட்டிலின் மேலும் கீழும்தான் படுக்க வேண்டும்.

## 28 நாளைப் பக்கங்களில் பிரிப்பது

நான்கு வார முகாமை நாவலாக்குபவர் வாரத்துக்கு ஒரு கால் பங்கு என்று பிரித்தால் கதை படுத்துவிடும். வீட்டு ஏக்கம் முதல் சில நாட்களில்தான் கூர்மையாக இருக்கும். பெயர், படுக்கை, அந்தஸ்து எல்லாம் முதல் மூன்று நாளில் முடிவாகிவிடும். ஆகவே அந்த மூன்று நாளுக்கே நாவலின் கால் பங்கைக் கொடுப்பது நியாயம். அடுத்த பத்து நாளை வேகமாகத் தாவலாம்; அட்டவணை ஒன்றே என்பதால், ஒரு நாளை முழுதாகக் காட்டிவிட்டால் மற்ற நாட்களை வாசகரே நிரப்பிக்கொள்வார். பதினான்காம் நாள் பெற்றோர் வருகை. இருபத்தியொன்றை ஒட்டி வண்ணப்போர். இருபத்தியேழாம் இரவு, தீ மூட்டிச் சுற்றி உட்காரும் கடைசிக் கூட்டம். சில முகாம்களில் அன்று மெழுகுவர்த்தி வைத்த மரத்துண்டுகளை ஏரியில் விடுவார்கள். கேபினில் உள்ளவர்கள் தங்கள் பெயரையும் ஆண்டையும் ஒரு பலகையில் வரைந்து சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டும் வழக்கமும் உண்டு. அந்தப் பலகையில் ஒரு பெயரை எழுதுவதா விடுவதா என்ற சிக்கலை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

நடுவில் மழை நாள் ஒன்று அவசியம். வெளி நடவடிக்கை எல்லாம் ரத்து. ஈரத் துண்டு வாடையோடு பத்துப் பேர் கேபினுக்குள் சீட்டு விளையாடுவார்கள். நிகழ்ச்சி எதுவும் இல்லாத அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் உண்மையில் பேசுகிறார்கள். அவசரக்கார எழுத்தாளர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

## யாருக்கு இடம் இருந்தது?

இந்த இடம் என்னுடையது, இவர்கள் என்னவர்கள் என்ற உணர்வுதான் இவ்வகைக் கதைகளின் உயிர். அந்த உணர்வுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்காத கதை எனக்குப் பாதிக் கதையாகவே படுகிறது.

முதல் தலைமுறை முகாம்கள் வசதியான வெள்ளைப் புராட்டஸ்டன்ட் பையன்களுக்கானவை. மற்றவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். மாசசூசெட்ஸில் 1921-இல் தொடங்கிய அட்வாட்டர் முகாம், வேறெங்கும் சேர்க்கப்படாத கறுப்பினப் பிள்ளைகளுக்கு. விஸ்கான்சினில் 1947-இல் தொடங்கிய ராமா (Ramah) முகாம், ஹீப்ரு பேசி வாழ யூதப் பிள்ளைகளுக்கு. வெளியே சிறுபான்மையாக இருக்கும் பிள்ளை இங்கே பெரும்பான்மை ஆகிறது. இங்கே சொந்தம் என்பதற்குப் பொருளே வேறு: மாற வேண்டியதில்லை, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதன் மிக வலுவான எடுத்துக்காட்டு கேட்ஸ்கில் மலைப் பகுதியில் 1951 முதல் 1977 வரை நடந்த ஜெனட் முகாம். மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கானது. சாய்தளம் இல்லாத பள்ளி, தள்ளிவைக்கும் தெரு இவற்றுக்கு நடுவே வளர்ந்தவர்கள் அங்கே பேஸ்பால் ஆடினார்கள், காதலித்தார்கள், தேர்தல் வைத்துச் சண்டை போட்டார்கள். அங்கிருந்து போனவர்களில், மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி ஜூடி ஹியூமன் உள்ளிட்ட பலர் 1977-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் மத்திய அரசுக் கட்டடத்தில் நடந்த, மூன்று வாரத்துக்கு மேல் நீண்ட உள்ளிருப்புப் போராட்டத்தில் இருந்தார்கள். அதன் விளைவாக மாற்றுத்திறனாளிகளைப் பாரபட்சத்திலிருந்து காக்கும், மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவுக்கான விதிமுறைகள் கையெழுத்தாயின. ஒரே கூரையின்கீழ் முறைவைத்து ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு முகாமிலேயே வந்திருந்தது.

மறுபக்கமும் உண்டு. பல முகாம்கள் தங்கள் கேபின்களுக்குப் பழங்குடிப் பெயர்கள் வைத்து, இறகு சூடி, கற்பனைச் சடங்குகளோடு தீ மூட்டின. எழுத்தாளர் எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் பையன்களுக்காக 1902-இல் தொடங்கிய உட்கிராஃப்ட் இந்தியன்ஸ் இயக்கம் இந்த வழக்கத்தைப் பரப்பியது. அதே ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் கார்லைல் உறைவிடப் பள்ளியில் (1879–1918) உண்மையான பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை விதித்திருந்தார்கள். வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட இரு வகைப் பிள்ளைகள். ஒருவகைக்கு அது விளையாட்டு. பழைய முகாம் நாவல்களில் இந்தச் சடங்குகள் வரும் இடங்களை இன்று எந்த உறுத்தலும் இல்லாமல் படிக்க முடியாது. சமீபத்திய கதைகள் அவற்றைக் கதையின் சிக்கலாகவே எடுத்துக்கொள்வது அதனால்தான்.

## எங்கே சறுக்கும்?

- கூட்டிக்கொண்டு போகும் வாக்குறுதி. "பிடிக்கலேன்னா போன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று பெற்றோர் சொல்லியனுப்புவதை முகாம் நடத்துபவர்கள் வெறுப்பார்கள். இங்கே நீ தாங்கமாட்டாய் என்ற செய்தி அதில் ஒளிந்திருக்கிறது. பிள்ளையும் பழக முயலாமல் நாளை எண்ணிக்கொண்டிருக்கும். கதைக்கும் அதே கேடு. வெளியேறும் கதவு திறந்திருந்தால் எந்த மோதலும் முற்றாது. கதவு இருந்தே ஆக வேண்டுமென்றால், பிள்ளை போன் செய்து பெற்றோர் வர மறுக்கட்டும்.
- ஆள் நெரிசல். கேபினில் பத்துப் பேர் என்பதற்காகப் பத்துப் பேரையும் அறிமுகம் செய்தால் வாசகர் தொலைந்துபோவார். நால்வர் முகமாக, மற்றவர்கள் ஒரு பழக்கமாக இருந்தால் போதும்: தூக்கத்தில் பேசுபவர், பல்லில் கம்பி கட்டியவர்.
- காரணமற்ற கொடுமைக்காரி. பணக்கார, அழகான, பழைய முகாம்வாசி. தேய்ந்துபோன வார்ப்பு. இவருக்குப் பயம் ஒன்று வேண்டும். ஐந்து கோடையாக இங்கே வருபவருக்குப் புதிதாக வந்த ஒருவர் உண்மையிலேயே எதையோ பறிக்கிறார் என்பதை எழுதினால் வார்ப்பு உடையும்.
- திரும்பிப்போகாத முடிவு. ஏரிக்கரைக் கண்ணீரோடு முடித்துவிடுவார்கள். முகாமில் தைரியசாலியானவர் செப்டம்பரில் பள்ளி பஸ்ஸில் எங்கே உட்காருகிறார் என்பதே சோதனை. இரண்டு பக்கமாவது அதற்கு வேண்டும்.

## தமிழுக்கு வந்தபோது

இந்தக் கதைவகையின் ஒரு கிளை தமிழுக்கும் வந்திருக்கிறது. ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949-இல் எழுதிய நாவலில், வியன்னாவிலும் மியூனிக்கிலும் தனித்தனியே வளரும் இரட்டைச் சிறுமிகள் ஏரிக்கரை விடுமுறை இல்லம் ஒன்றில் சந்திக்கிறார்கள். டிஸ்னி நிறுவனம் 1961-இல் அதை அமெரிக்கக் கோடை முகாமாக மாற்றிப் படமெடுத்தது. அதில் சண்டை போட்ட இரு சிறுமிகளையும் தண்டனையாகத் தனிக் கேபினில் ஒன்றாக அடைக்கிறார்கள். ரகசியம் அங்கேதான் வெளிப்படுகிறது. நட்பை உண்டாக்குவது இங்கேயும் ஒரு விதி. 1965-இல் ஏவி.எம். தயாரிப்பில், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் வந்த 'குழந்தையும் தெய்வமும்' அதைத் தழுவியது. நம் ரசிகர்களுக்கு அதில் நினைவிருப்பது குட்டி பத்மினியின் இரட்டை வேடமும் பிரிந்த பெற்றோர் சேர்வதும். முகாம் யாருக்கும் நினைவில்லை. பெற்றோரை வெளியே நிறுத்துவதற்காகக் கண்டுபிடித்த கதைவடிவம் இங்கே பெற்றோரைச் சேர்த்துவைக்கும் கதையாக நிலைத்தது.

தமிழில் இந்த வகையை எழுத நினைப்பவருக்கு ஏரியும் கேபினும் தேவையில்லை. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது: ஏழு நாள், தத்தெடுத்த கிராமம், பள்ளிக்கூட வகுப்பறைத் தரையில் பாய் விரித்துத் தூக்கம், முறைவைத்துச் சமையல், ஒரே குழாயடி. வயது மட்டும் கூடிவிடும், பதினெட்டு பத்தொன்பது. பள்ளி வயது வேண்டுமென்றால் என்.சி.சி.யின் பத்து நாள் பயிற்சி முகாம். இரண்டிலும் கைப்பேசியைப் பிடுங்க வலுவான காரணம் ஒன்றை எழுத்தாளர் கண்டுபிடிக்க வேண்டும். சிக்னல் இல்லாத மலைக்கிராமம் என்றால் அந்த வேலை மிச்சம். ஏழு நாளே என்பதால் முதல் இரவிலேயே பாய் எங்கே விரிப்பது என்ற சண்டை வந்தாக வேண்டும், நான்காம் நாளுக்குள் அது முற்ற வேண்டும். கிராமத்துக்காரர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்க முகாமில் அப்படி வெளியிலிருந்து பார்க்கும் ஊர் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. நகரத்துப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கும்போது எந்தத் தெருவில் கேட்கிறார்கள், எந்தப் பாத்திரத்தில் கிடைக்கிறது என்பது அவர்களுடைய பாய்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் இரண்டாம் நாளே மாற்றிவிடும்.